ஆயா கைல இருந்த தேளு என் கைக்கு வந்துச்சு: குத்துனதும் ஆறுனதும்

காசிமேட்டுல போட்டு எஞ்சின் வேலை பாக்குறவன் நான். விசைப்படகு, ஃபைபர் போட்டு ரெண்டும் பாப்பேன். கைல டீசல், கிரீஸ், மீன் தண்ணி இந்த மூணுல ஒண்ணாவது எப்பவும் ஒட்டிட்டே இருக்கும். இப்படிப்பட்ட கைல டாட்டூ போட்டா எப்படி ஆற வைக்கிறதுன்னு தேடுனா, எல்லாம் ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்குறவங்களுக்குன்னே எழுதி வச்சிருக்கு. அதான் நான் பட்டத இங்க எழுதி வைக்கிறேன், ஒரு பெரிய தப்பும் பண்ணேன், அதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

டிசைன்ல இருந்து ஆரம்பிக்கிறேன். எங்க ஆயாவுக்கு எம்பது வயசாகப் போகுது, பழவேற்காடு பக்கத்துல பொறந்தவங்க. முன்கைல ஒரு பச்சை இருக்கு, நடுவுல தேளு, சுத்தி புள்ளி வச்ச கோலம். பதினோரு பன்னெண்டு வயசுல ஊருக்கு வந்த குறத்திம்மா திண்ணைல உக்கார வச்சு குத்துனதாம். மை எப்படி செஞ்சாங்கன்னு ஆயா இன்னிக்கும் ஒண்ணு விடாம சொல்லும்: மஞ்சத்தூளையும் அகத்திக் கீரையையும் அரைச்சு துணில தடவி, அத திரியா சுருட்டி வெளக்கெண்ணெயில எரியவிட்டு, மேல புதுப் பானைய கவுத்து, அதுல படியிற கரிய வழிச்சு தாய்ப்பால்ல கொழைப்பாங்களாம். ஊசி மூணு நாலு சேத்து நூல்ல கட்டினது. கூலி ஒரு மொறம் அரிசி.

அதையே என் கைல போடணும்னு ரொம்ப நாளா ஆசை. போன்ல ஃபோட்டோ எடுத்து பாத்தா ஒண்ணும் புரியல, அறுவத்தஞ்சு வருஷத்துல கோடெல்லாம் கசிஞ்சு பரவி, தேளோட ரெண்டு கொடுக்கும் ஒண்ணா சேந்து ஏதோ நண்டு மாதிரி இருக்கு, வால் பக்கம் ஒரு கோடு தனியா தொங்குது, சரி அது கை நடுங்கி விழுந்த கோடுன்னு நெனச்சு விட்டுட்டேன். வரைஞ்சத ஆயா கிட்ட காட்டுனேன். பாத்துட்டு, "இன்னாடா இது, ஏணியக் காணோம்"னுச்சு. நேரா வாசலுக்குப் போயி கோலமாவு டப்பாவ எடுத்துட்டு குந்திச்சு. மொதல்ல அஞ்சு புள்ளி. அப்பறம் ஒரே இழுப்புல வால், வால் முடியற எடத்துல இருந்து ரெண்டு கோடு, நடுவுல குறுக்கால சின்னச் சின்னதா அஞ்சாறு. நான் தூக்கிப் போட்ட கோடு தான் அந்த ஏணியோட ஒரு பக்கம், மறு பக்கம் அழிஞ்சே போச்சு. தேளுக்கு ஆறு காலு தான் போட்டுச்சு. "தேளுக்கு எட்டு காலு ஆயா"ன்னேன். "என் தேளுக்கு ஆறு தான், உனுக்கு ஓணும்னா எட்டு போட்டுக்கோ"ன்னு சொல்லிட்டு கைய தட்டிட்டு எந்திரிச்சிருச்சு. ஆறு தான் போட்டேன்.

எப்ப போடுறதுங்கிறது எனக்கு பெரிய கணக்கு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரைல நிக்கும், அந்த நேரத்துல தான் எஞ்சின எறக்கி ஏத்துற வேலை மொத்தமும் வரும், கைக்கு ஓய்வே கிடையாது, வெயிலும் மண்டைய பொளக்கும். ஐப்பசி கார்த்திகைல மழை, தெருவுல முட்டி வரைக்கும் சாக்கடைத் தண்ணி. ஆக பொங்கல் முடிஞ்சு தை கடைசி தான் சரி, வேர்வையும் கம்மி. எடம், இடது முன்கையோட உள்பக்கம். வலது கை வேலை செய்யற கை, அதக் காப்பாத்த முடியாது. உள்பக்கத்துக்கு வெயிலும் கம்மியா படும், மை சீக்கிரம் வெளுக்காது. இன்னொரு விஷயம், என் மாமா பையன் ஆர்மி செலெக்‌ஷனுக்கு தெனம் ஓடிட்டிருக்கான், அவனுக்கும் டாட்டூ ஆசை. ஆர்மில பொதுவா முன்கையோட உள்பக்கமும் புறங்கையும் தான் அனுமதி, வேற எடத்துல இருந்தா ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. பத்தாவது படிக்கிற பசங்க கழுத்துல குத்திக்கிறானுங்களே, அவனுங்களுக்கு யாராவது சொல்லுங்கப்பா.

சின்ன வயசுல ஒரு திருவிழாவுல ரோட்டோரமா ஒருத்தரு பேட்டரி வச்ச மிஷின்ல வரிசையா எல்லாருக்கும் பேரு குத்திட்டிருந்தாரு, ஒருத்தன் கைல இருந்து எடுத்த ஊசிய துணில தொடச்சிட்டு அடுத்தவன் கைல வச்சாரு. நானும் வரிசைல நின்னேன், காசு பத்தாம திரும்பி வந்துட்டேன், இன்னிக்கி நெனச்சா கொல நடுங்குது. மஞ்சக்காமாலைல பி, சி ரெண்டு வகையும் ரத்தம் மூலமா பரவும், ஹெச்ஐவியும் அப்படித்தான். அதனால பெரம்பூர் பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்கு மொதல்ல சும்மா பாக்கத்தான் போனேன். அங்க நான் கவனிச்சது டிசைன் ஆல்பத்த இல்ல. டாட்டூக்காரரு ஊசி கார்ட்ரிட்ஜ கஸ்டமர் கண்ணு முன்னாடி பாக்கெட் பிரிக்கிறாரா, பாக்கெட்ல தேதி முடிஞ்சிருக்கா, மை ஊத்துற குட்டிக் கப்பு புதுசா, வேலை முடிஞ்சதும் மிச்ச மைய கொட்டுறாரா இல்ல பாட்டில்ல திரும்ப ஊத்துறாரா, போன் எடுத்துட்டு அதே க்ளவுஸோட திரும்ப கைய வைக்கிறாரா. எல்லாம் சரியா இருந்துச்சு. 5 இஞ்சு நீளத்துக்கு 6500 கேட்டாரு, பேரம் பேசல. எஞ்சின் வேலைக்கு பேரம் பேசுறவனுக்கு நான் எப்படி வேலை செய்வேன்னு எனக்குத் தெரியும்.

குத்துற அன்னிக்கு நல்லா சாப்டு போனேன், மொத நாளு சரக்கு தொடல, தொட்டா ரத்தம் ஜாஸ்தி கசியும்னாரு. புது ரேசர்ல முடிய வழிச்சு, தொடச்சு, ஊதா கலர் ஸ்டென்சில ஒட்டினாரு. மொத தடவ கைய மேசை மேல மல்லாக்க வச்சு ஒட்டினது, எந்திரிச்சு கண்ணாடில பாத்தா தேளு கோணிக்கிட்டு நிக்குது. முன்கைத் தோலு கைய திருப்புனா கூடவே திரும்பும், அதனால கைய சும்மா தொங்கப் போட்டு நின்னு ஒட்டணும். அழிச்சிட்டு ரெண்டாவது தடவ ஒட்டி, பத்து நிமிஷம் காய விட்டாரு.

நான் மெக்கானிக், மிஷின விட்டு கண்ண எடுக்க முடியல. சின்ன மோட்டாரு, அதுல மையம் விலகின ஒரு கேம், அது சுத்துறப்போ ஊசி மேலயும் கீழயும் போகுது. நம்ம எஞ்சின் கிராங்க் வேலை தான், ஸ்ட்ரோக் தான் மூணரை மில்லி. கார்ட்ரிட்ஜுக்குள்ள ஒரு ரப்பர் சவ்வு இருக்கு, மையும் ரத்தமும் பின்னாடி மிஷினுக்குள்ள ஏறாம தடுக்குது, நம்ம ஆயில் சீல் மாதிரி. சவ்வு இல்லாத மலிவு கார்ட்ரிட்ஜும் கெடைக்குதாம், அதுல ஊசி புதுசா இருந்து இன்னா பிரயோஜனம், போன ஆளு ரத்தம் மிஷினுக்குள்ள இருக்குமே. இந்த மிஷினோட பூர்வீகம் எடிசன் 1876ல பேட்டன்ட் வாங்கின எலக்ட்ரிக் பேனா, காகிதத்துல ஓட்டை போட்டு காப்பி எடுக்கறதுக்கு செஞ்சது, அத வச்சுத்தான் 1891ல நியூயார்க்ல ஓரைலின்னு ஒருத்தர் டாட்டூ மிஷினுக்கு பேட்டன்ட் வாங்கினாரு. ஊசி மைய உள்ள பீச்சி அடிக்கும்னு நான் நெனச்சிட்டிருந்தேன், டீசல் இன்ஜெக்டர் மாதிரி. கெடையாது. ஊசி ஓட்டை போடுது, வெளிய வரப்போ ஊசிகளுக்கு நடுவுல நிக்கிற மைய அந்த ஓட்டையே உறிஞ்சிக்குது. ஆழம் ஒண்ணு ஒண்ணரை மில்லி, ரெண்ட தாண்டக் கூடாது. மேல் தோல்லயே நின்னா உரிஞ்சு போயிடும், ரொம்ப எறங்கினா மை கொழுப்புல பரவி நீலமா தீட்டிக்கும்.

ரெண்டே முக்கா மணி நேரம். வலி எப்படின்னு எல்லாரும் கேக்குறாங்க, சூடு பட்ட எடத்துல உப்புத்தாள் தேச்ச மாதிரி. மணிக்கட்டுகிட்ட பல்ல கடிச்சேன், மத்தபடி ஓகே.

இப்ப தான் உண்மையான வேலையே. அவரு வேலை மூணு மணி நேரம், என் வேலை முப்பது நாள்.

மேல செகண்ட் ஸ்கின்னு சொல்ற கண்ணாடி மாதிரி பிலிம் ஒட்டி அனுப்பினாரு. ராத்திரிக்குள்ள உள்ள கருப்பா தண்ணி கோத்து பை மாதிரி தொங்குச்சு, பாத்து பயந்துட்டேன், அது ரத்த நீரும் மிச்ச மையும் தான், சகஜமாம். ஆனா மறுநாள் மத்தியானம் வேர்வைல ஓரம் கிளம்பி ஒழுக ஆரம்பிச்சது. ஓரம் விட்ட பிலிம மேல டேப் போட்டு ஒட்டக் கூடாது, எடுத்துடணும், ஏன்னா உள்ள போன அழுக்கு வெளிய வராது, சூடும் ஈரமுமா கிருமிக்கு நல்ல வீடு. வெதுவெதுன்னு தண்ணி விட்டு, தோலோட ஒட்டினாப்புல பக்கவாட்டுல இழுத்து இழுத்து மெதுவா எடுத்தேன். மேல தூக்கி வெடுக்குனு பிச்சீங்க, போச்சு.

தண்ணி விஷயம் நம்ம ஏரியாவுல முக்கியம். எங்க வூட்ல போர் தண்ணி உப்பு, லாரித் தண்ணி டிரம்ல நாலு நாள் நிக்கும். அதனால மொத வாரம் கேன் தண்ணிய கொதிக்க வச்சு ஆற வச்சு தான் கழுவுனேன். காலைல ஒண்ணு, வேலை முடிஞ்சு ஒண்ணு. வாசனை இல்லாத லிக்விட் சோப்பு ரெண்டு சொட்டு, விரல்ல மட்டும், நாரு கீரு எதுவும் கெடையாது. அந்த வழவழப்பு போற வரைக்கும் கழுவி, டிஷ்யூ பேப்பர்ல ஒத்தி எடுத்தேன். தோள்ல கெடக்குற துண்டுல தொடைக்காதீங்க, அந்தத் துண்டு இன்னா இன்னா தொடச்சிருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

மொத தப்பு ஆயின்ட்மென்ட்ல. கொஞ்சமா தடவுங்கன்னு தான் சொன்னாரு. எனக்கு கொஞ்சம்னா பேரிங்ல கிரீஸ் வைக்கிற அளவு. மூணாவது நாளு பாத்தா மேல தோலு ஊறி வெள்ளையா, அங்கங்க சின்னச் சின்ன பரு. வாட்ஸப்ல போட்டோ அனுப்பினேன், "ப்ரோ, பூரி சுடப் போறீங்களா"ன்னு பதில் வந்துச்சு. புண்ணு ஊறிப் போகக் கூடாது, அரிசி அளவு எடுத்து மொத்த தேளுக்கும் தேய்க்கணும், தேச்சதும் தோலு லேசா மினுங்கணும், கைல பிசுக்குனு ஒட்டக் கூடாது, மிச்சம் இருந்தா டிஷ்யூவுல ஒத்தி எடுத்துடணும். ஒரு நாள் ஒண்ணும் தடவாம விட்டதும் பரு அடங்கிடுச்சு.

இதுக்கு நடுவுல ஆயா மஞ்சளோட வந்துச்சு. சமையக்கட்டு மஞ்சத்தூள் கிருமி நீக்கினது இல்ல, அத தெறந்த புண்ணுல வைக்க மாட்டேன்னேன். "எனுக்கு மஞ்சளும் எண்ணெயும் தான் வச்சாங்கோ, நா இன்னா செத்தா பூட்டேன்?" இதுக்கு இன்னா பதில் சொல்றது. அப்ப சீழ் புடிச்சு கஷ்டப்பட்டவங்க யாரும் இப்ப வந்து கதை சொல்ல மாட்டாங்கன்னு மனசுல நெனச்சிட்டு வாய மூடிட்டேன். கத்திரிக்கா, கருவாடு, எறா மூணும் கரப்பான், தொடக் கூடாதுன்னுச்சு. எனக்கு எறா ஒத்துக்காம போனதே இல்ல, இருந்தாலும் ரெண்டு வாரம் தொடல. அது வைத்தியம் இல்ல, வீட்டுல நிம்மதி.

இப்ப பெரிய தப்பு. ஆறாவது நாள் ராத்திரி. பதினோரு மணிக்கு போன், கடலுக்குப் போக ஐஸ் ஏத்தி நிக்கிற விசைப்படகுல கூலிங் தண்ணி பம்பு ஒழுகுது, விடிகாலைல கெளம்பணும். தெரிஞ்ச ஓனர். முடியாதுன்னு சொல்லியிருக்கணும். கடைப் பையன அனுப்பியிருக்கணும். நான் என் புத்திசாலித்தனத்த காட்டி, கைல கிளிங் ராப்ப நாலு சுத்து சுத்தி, ரெண்டு பக்கமும் கருப்பு இன்சுலேஷன் டேப் போட்டு, மேல முழுக்கை சட்டை மாட்டிட்டு போயிட்டேன். சீல் போட்டாச்சுன்னு நெனப்பு. எஞ்சின் ரூம்ல சூடு எவ்வளவுன்னு போட்டுல எறங்கினவனுக்குத் தான் தெரியும், அடியில மீன் ரத்தமும் டீசலும் கடல் தண்ணியும் கலந்து நிக்கும், அதுல குந்தி நாலு மணி நேரம். மேல டேப் கிட்ட இருந்து தண்ணி உள்ள எறங்கியிருக்கு, உள்ள வேர்வ வெளிய போக வழியில்ல. வீட்டுக்கு வந்து ராப்ப பிரிச்சா, ஊறிப் போன பொருக்கு ராப்போடவே ஒட்டிட்டு வந்துருச்சு. வால் முனையும் ஏணியோட ரெண்டு படியும். கீழ செவப்பா சதை தெரியுது, பிளாஸ்டிக்ல தேளு வாலு அழகா அப்படியே இருக்கு.

உடனே கழுவினேன். மீனும் கடல் தண்ணியும் சாதாரணம் இல்ல. விப்ரியோன்னு ஒரு கிருமி சூடான கடல் தண்ணில இருக்கும், அமெரிக்காவுல டாட்டூ போட்ட அஞ்சாவது நாள் கடல்ல குளிச்ச ஒருத்தரு அதனாலயே செத்துப் போயிருக்காரு, அவருக்கு கல்லீரல் முன்னமே கெட்டிருந்துச்சு, 2017ல மருத்துவப் பத்திரிகைல வந்த கேஸ் அது. மீன் வெட்டுறவங்க கைல மாசக் கணக்குல ஆறாத கட்டி வருமே, அதுக்கும் மீன்ல இருந்து வர்ற இன்னொரு கிருமி ஒரு காரணம். காலைல பாத்தா சுத்தி செவந்து, தொட்டா சூடா இருந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரி தோல் ஓபில போயி நின்னேன். டாக்டரம்மா டாட்டூவ பாத்து திட்டல, எங்க வேலை பாக்குறேன்னு கேட்டப்புறம் தான் திட்டுனாங்க. செவப்பு முடியற எடத்துல பேனாவால சுத்தி ஒரு கோடு போட்டாங்க: இந்தக் கோட்ட தாண்டி செவப்பு போனாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, கை மேல் பக்கமா செவப்புக் கோடு ஏறினாலோ ஒரு மணி நேரம் கூட காத்திருக்காம வரணும். டெட்டனஸ் வராம தடுக்கிற டிடி ஊசி எப்ப போட்டீங்கன்னாங்க, ஞாபகமில்ல, போட்டாங்க. மாத்திரையும் க்ரீமும் குடுத்தாங்க. நானா மெடிக்கல்ல கேட்டு ஏதாவது வாங்கித் தடவியிருந்தா இன்னும் கெடுத்திருப்பேன். ரெண்டு நாள் அந்தப் பேனாக் கோட்டையே அரை மணிக்கு ஒரு தடவ பாத்துட்டிருந்தேன். மூணாவது நாள் செவப்பு கோட்ட விட்டு உள்ள எறங்கிடுச்சு. ஒரு வாரம் கடைய பையன் பாத்துகிட்டான்.

அப்பறம் அரிப்பு. எட்டுல இருந்து பன்னெண்டாவது நாள் வரைக்கும் பைத்தியம் புடிக்கும். சொறியக் கூடாது, உரியற தோல உரிக்கக் கூடாது, உள்ளங்கையால லேசா தட்டலாம். நான் சாயந்திரம் தெருமுனை கேரம் போர்டுல போயி நின்னுடுவேன், ரெட்ட போடுற டென்ஷன்ல அரிப்பு மறந்துடும், பவுடர் மட்டும் கைல படாம பாத்துக்கணும். ராத்திரி தூக்கத்துல சொறிஞ்சிடுவேன்னு நகத்த ஒட்ட வெட்டினேன். ஒரு நாள் காலைல போர்வை கையோட ஒட்டி கெடந்துச்சு, இழுக்காம தண்ணி ஊத்தி ஊற வச்சு எடுத்தேன். புத்தி வந்துருச்சு இல்ல.

மூணாவது வாரம் தோலு உரிஞ்சு முடிஞ்சதும் டாட்டூ பால் படிஞ்ச மாதிரி மங்கலா, பளபளன்னு சுருக்கமா இருக்கும். மை போச்சுன்னு நெனச்சு யாரும் பதறாதீங்க, மேல புதுசா வந்த தோலு இன்னும் செட் ஆகல, ஒரு மாசத்துல தெளிஞ்சிடும். எனக்கும் தெளிஞ்சது, அந்த வால் முனைய தவிர. அங்க கோடு அறுந்து, ரெண்டு படி காணாம போயி, தோலும் கொஞ்சம் தடிச்சிருந்துச்சு. தடிப்பு அடங்காம டச்சப் பண்ண மாட்டேன்னுட்டாரு டாட்டூக்காரரு, அம்பதாவது நாள் கூப்ட்டு பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சாரு, காசு வாங்கல. இந்தத் தடவ ரெண்டு வாரத்துக்கு எஞ்சின் ரூம் பக்கமே போகல, தடைக்காலம் வர்றதுக்குள்ள ஆறணும். ரத்தம் குடுக்குற பழக்கம் இருக்குறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, டாட்டூ போட்டா ஒரு வருஷத்துக்கு எடுக்க மாட்டாங்க, எனக்கும் டச்சப் அன்னிக்கி இருந்து தான் கணக்கு.

டச்சப் உரிஞ்சு முடிஞ்ச அன்னிக்கு ஆயா என் கைய புடிச்சு தன் கை பக்கத்துல வச்சு பாத்துச்சு. அதோட தேளு வெளுத்த பச்சை, என்னுது அட்டக் கருப்பு. ரெண்டும் கரி தான், தோலுக்கு அடியில இருக்குறதால வெளிச்சம் செதறி நீலமும் பச்சையுமா தெரியுது, வருஷம் போகப் போக இன்னும் ஜாஸ்தியா தெரியும். படிய விரல் வச்சு எண்ணிச்சு. "ஒண்ணு கொறையுது."

எண்ணிப் பாத்தேன். வாசல்ல கோலமாவுல போட்டப்போ எடுத்த ஃபோட்டோவையும் தெறந்து பாத்தேன். அதுல ஆறு, என் கைல அஞ்சு. திரும்ப குத்திக்கிறதா இல்ல. இப்போதைக்கு சன்ஸ்கிரீன் டியூப் டூல் பாக்ஸ்ல ஃபீலர் கேஜ் பக்கத்துல கெடக்கு, காலைல வெளிய போறதுக்கு முன்னாடி தேளுக்கு மட்டும் தடவுறேன், கடை பையன் தெனமும் "அண்ணே, தேளுக்கு மேக்கப் ஆச்சா"ன்னு கேட்டுட்டு தான் ஷட்டர தூக்குறான்.